ஒரு மீற்றர் அகலம்

கச்சான் ஓய்ந்துவிட்டது. வாடை இன்னும் கிளம்பவில்லை.
புரட்டாதியின் இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும்
காட்டுக்குக் காற்றே கிடையாது.
முதிரை ஒரு இலையை விட்டால்
அது நேரே கீழே வருகிறது,
கயிறு அறுந்த வாளி மாதிரி.

நெடுங்கேணியில் பஸ்ஸால் இறங்கி
வனத்திணைக்களக் கொட்டிலில் பெயர் எழுதினேன்.
"தனியவோ?" என்றார் கோணேசலிங்கம்.
"தனியத்தான்."
"என்ன அலுவல்?"
கொப்பியில் அதற்கொரு கட்டம் இருந்தது.
தேன், ஆய்வு, பொங்கல், மாடு தேடி என்று
எனக்கு முதல் வந்தவர்கள் நிரப்பியிருந்தார்கள்.
நான் 'நடை' என்று எழுதினேன்.
அவர் அதை இரண்டுதரம் வாசித்தார்.
"யானை நிக்குது. கவனம் பிள்ளை."

குடமுடைச்சான் மலைக்கு நாலு கட்டை.
மலை என்பது எங்களுடைய பெருந்தன்மை.
தென்னையில் பாதி உயரத்துக்கு ஒரு கல் எழும்பினாலே
வன்னியில் அதற்கு மலையென்று பெயர் வைத்துவிடுவோம்.
தரை அவ்வளவு தட்டை.

ஒன்பது வருஷம்
ஒரு மீற்றர் அகலத்தில் முழங்காலில் நகர்ந்தவள் நான்.
இரண்டு பக்கமும் சிவப்புத் தலைத் தடிகள்,
முகத்துக்கு முன்னால் என் மூச்சில் புகாரடிக்கும் கண்ணாடி.
ஒவ்வொரு சருகாகத் தூக்கி வைத்து
அதன் கீழே என்ன என்று மண்ணைக் கேட்கிற வேலை.
அநேகமாகச் சோடா மூடி. ஆணி. மீன் ரின் தகடு.
அநேகமாக என்ற சொல்லை
யசோதினிக்கு முன்னால் நான் பாவிப்பதில்லை.

மாசியில் எங்கள் பகுதி முடிந்தது.
நிலம் துப்புரவு என்று காகிதம் கொடுத்தார்கள்,
நிலத்துக்கு.
காலுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை.

ஆகவே யானைத் தடத்தில் நடந்தேன்.
ஊர் முழுக்க யானைக்குப் பயம்.
எனக்கோ அந்தச் சுளகு அகலக் காலடி
கச்சேரி முத்திரையை விட நம்பிக்கை:
நாலாயிரம் கிலோ முதலில் மிதித்த இடம்.
லத்தி கிடந்தால் இன்னும் நிம்மதி.
வீரை நிழலில், பாலை நிழலில்,
ஒரு பாதத்துக்குள் என் இரண்டு பாதம் வைத்து வைத்து
இரண்டரைக் கட்டை போயிருப்பேன்.

பிறகு தடம் குளத்துப் பக்கம் திரும்பிவிட்டது.
மலை மற்றப் பக்கம்.
நடுவில் ஒருவரும் மிதிக்காத சருகு,
காய்ந்து, மஞ்சளும் கபிலமுமாய், வடிவாக.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.
ஒரு மரங்கொத்தி தட்டியது, விட்டது, தட்டியது.
வேர்வை முதுகால் இறங்கி இடுப்பில் நின்றது.
பேந்து பழக்கப்படி முழங்காலில் இருந்தேன்.
பழக்கப்படி முதல் சருகைத் தூக்கினேன்.

ஒரு குழி.
பக்கத்தில் இன்னொன்று. ஒன்பதோ பத்தோ,
புனல் வைத்து அழுத்தியது போல, விளிம்பு குலையாமல்.
அடியில் ஒளித்திருந்து
மிதிக்கிற எறும்புக்குக் காத்திருக்கிறது குழியானை.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக.
காடு அதைத் திருப்பித் தரவில்லை.

ஒன்றைக் கிண்டி உள்ளங்கையில் விட்டேன்.
மிளகளவு உடம்பு. பின்பக்கமாகவே நடந்தது.
ரேகையைப் பள்ளமென்று நினைத்துப்
புதையப் பார்த்தது.
இறக்கி விட்டுவிட்டு
எழும்பி நடந்தேன்.
துணிச்சல் இல்லை அது. முழங்கால் நொந்தது, அவ்வளவுதான்.
சருகு காலடியில் அப்பளம் போல் நொறுங்கியது.

உச்சியில் கல் வெயில் குடித்துச் சுட்டது.
கல்லுக்குள் ஒருவராலும் ஒன்றும் தாட்க ஏலாது.
செருப்பைக் கழற்றிப் போட்டுப் படுத்தேன்,
கையை விரித்து, காலை விரித்து,
ஒரு மீற்றருக்கு மேலே.

திரும்பி வர நாலரை.
"யானை கண்டியளோ?" என்றார்.
"கண்டனான். ஒன்பது பத்து."
பேனையை எடுத்தார். "எந்தப் பக்கமாப் போகுதுகள்?"
"பின்பக்கமா."